ஆழமில்லாத காயலில் வெப்பமும் உப்பும் ஏன் இடத்துக்கு இடம் மாறுகின்றன?

காயல் (இலங்கையில் களப்பு) என்பது மணல்திட்டால் கடலிலிருந்து பிரிந்து, குறுகிய முகத்துவாரம் வழியாக மட்டும் கடலோடு தொடர்பு வைத்திருக்கும் ஆழமற்ற நீர்நிலை.

இதன் வெப்பம் கடலைவிட வேகமாக ஏறி இறங்கக் காரணம் ஆழம்தான். அகலமான தட்டில் ஊற்றிய வெந்நீர் சட்டென்று ஆறிவிடும். அதே நீர் குடத்தில் இருந்தால் நெடுநேரம் சூடு தாங்கும். காயல் அந்தத் தட்டு மாதிரி. பிற்பகலில் கணுக்கால் ஆழத்தில் நின்றால் வெதுவெதுப்பாக இருக்கும் இடம், விடியற்காலையில் சில்லென்றிருக்கும்.

சரி, உப்பு? கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. முகத்துவாரத்தருகே ஏறக்குறைய அதே அளவு. ஆறு வந்து சேரும் பக்கம் குறைவு. மழைக்காலத்தில் எடை குறைந்த நன்னீர் மேலே பரவ, உப்புநீர் அடியில் தங்கும். காற்று பலமாக வீசினால், ஆழம் குறைவு என்பதால், இரண்டும் கலந்துவிடும். அப்புறம் கோடை. அதுதான் இதில் மிக முக்கியமான கட்டம்: நீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. கடல்நீர் எளிதில் எட்டாத உள்மூலைகளில் கரிப்பு நாளுக்கு நாள் கூடி, வற்றிய ஓரங்களில் வெள்ளைப் பொருக்காகப் படிந்துவிடும்.

அதனால் காயல் நீர் எப்போதும் கடல்நீரைவிட உப்புக் குறைந்தது என்று பலர் நினைப்பது சரியல்ல; அமெரிக்காவின் டெக்சாஸ் கரையோர லகூனா மாட்ரே, கடலைவிடக் கரிப்பு மிகுந்த காயல் என்றே அறியப்படுகிறது.