கத்தரி எடுத்துக் கொடுக்க நாலு வருஷப் படிப்பா?

மகளுக்கு நீட் மதிப்பெண் போதவில்லை, ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி படிக்கிறேன் என்கிறாள், கத்தரி எடுத்துக் கொடுக்கவா நாலு வருஷம் என்று கேட்டிருக்கிறீர்கள், ஐயா. அந்த அறைக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நோயாளிக்கு முன்பே டெக்னீஷியன் உள்ளே வந்துவிடுவார். மயக்க மருந்து இயந்திரத்தில் கசிவு இருக்கிறதா, ரத்தத்தையும் சளியையும் உறிஞ்சும் சக்‌ஷன் சரியாக இழுக்கிறதா, சிலிண்டரில் ஆக்சிஜன் போதுமா, தொண்டையில் குழாய் போட உதவும் லாரிங்கோஸ்கோப்பில் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அந்த விளக்கு எரியவில்லை என்பது நோயாளி மயங்கிய பிறகு தெரியவந்தால்?

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 அம்சப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே கொண்டுபோகும் முன் என மூன்று முறை, குழுவே நின்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும், பஞ்சுத்துணி ஒன்று கணக்கில் குறைகிறது என்று நர்ஸ் சொன்னால் உடம்புக்குள் தங்கிவிட்டதா என்று தையலை நிறுத்தித் தேடத்தான் வேண்டும்.

அதனால் டாக்டர் சீட் போச்சே என்பதை விட்டுவிட்டு, உங்கள் மகளின் சுபாவத்தைப் பாருங்கள். மணிக்கணக்கில் நிற்பாள், நடுராத்திரி சிசேரியனுக்கு எழுந்து ஓடுவாள், பேச்சு குறைவு என்றால் தியேட்டர் சரி. ஆட்களோடு பழகப் பிடிக்குமென்றால் பிசியோதெரபி. மூட்டு மாற்றிய பாட்டி ‘ஐயோ, விடும்மா’ என்று அலறினாலும், தாஜா பண்ணி மறுநாளே வாக்கர் பிடிக்க வைப்பது அவர்கள்தான். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நோயாளியோடு இருக்க ஆசையென்றால் நர்சிங். வேலைவாய்ப்பும் அதில்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

கல்லூரி விஷயத்தில் கறாராக இருங்கள். தியேட்டர் டெக்னாலஜி பி.எஸ்சி. என்றால் மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், சொந்த மருத்துவமனை உண்டா, தினமும் எத்தனை ஆபரேஷன் நடக்கிறது, பயிற்சி எங்கே என்று கேளுங்கள். மாடியில் இரண்டு அறை, வாசலில் ‘100 சதவீத வேலை’ போர்டு என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தமிழ்நாட்டில் அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வித் தேர்வுக்குழுவே விண்ணப்பம் வாங்குகிறது. தகவல் கையேடு வந்ததும் தகுதி விதியைப் படித்துவிடுங்கள்.

அதற்குள் நீங்கள் பார்க்கும் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும் யாரையாவது பிடித்து, மகளையே பேசச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.