சிவப்பா, மஞ்சளா? அதை முதலில் எழுதுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி டேஷ்போர்டு லைட்டைப் பற்றியவை. விடுமுறையில் பாதிப் பேர் மலை ஏறிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

சார், என் காரில் ஒரு லைட் எரிகிறது. ஓட்டலாமா? (மதுரை)

என்ன கார், பெட்ரோலா டீசலா, லைட் என்ன நிறம், என்ன படம், ஒன்றுமே எழுதவில்லை. ஜோசியரிடம் போனால்கூட ராசி, நட்சத்திரம் கேட்பார். சிவப்பு என்றால் ஓரங்கட்டுங்கள். மஞ்சள் என்றால், வண்டியின் ஓட்டத்தில் மாற்றம் இல்லாதவரை நிதானமாக ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். மிச்சமெல்லாம் மேனுவலில் இருக்கிறது. க்ளவ் பாக்ஸுக்குள் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கும், பாருங்கள்.

கொல்லிமலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் எண்ணெய்க் குப்பி படம் சிவப்பாக ஒரு நொடி வந்து போனது. நேர் ரோட்டில் வரவில்லை. விட்டுவிட்டேன். (நாமக்கல்)

எழுபது கொண்டை ஊசி வளைவு, எழுபது முறை சொல்லியிருக்கிறது. நீங்கள்தான் கேட்கவில்லை. வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுத்திருக்கிறது. அப்படியென்றால் ஆயில் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. பெரும்பாலான கார்களில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே ஒரு லிட்டர் போல வரும். உங்களுடையது கீழ்க்கோட்டையும் தாண்டி இறங்கியிருக்கும். இந்த லைட் ஆயில் அளவைக் காட்டுவதில்லை, பிரஷரைக் காட்டுகிறது. நின்று எரிந்தால் 'பக்கத்து பங்க் வரை' என்ற கணக்கே கிடையாது. அங்கேயே எஞ்சினை அணைக்க வேண்டும். ஆயிலை ஊற்றிக்கொண்டு, அது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீல நிறத்தில் தெர்மாமீட்டர் படம். பயமாக இருக்கிறது. (கோவை)

எஞ்சின் இன்னும் சூடாகவில்லை, அவ்வளவுதான். தானே அணையும். அதுவரை ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். நிறத்தை எழுதியதற்கு நன்றி.

செக் எஞ்சின் லைட் எரிந்தது. மெக்கானிக் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார், அணைந்துவிட்டது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி எரிகிறது. இப்போது நானே கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டேன். இப்படியே ஓட்டலாமா? (திருப்பூர்)

கூடாது. இந்த வித்தையைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. லைட்டை அணைப்பது ரிப்பேர் இல்லை. பழுது பதிவான நேரத்தில் எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம்., எவ்வளவு சூடு, வண்டி என்ன வேகம் என்று எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. குறித்து வைத்திருக்கும். எங்களுக்கு அதுதான் துப்பு. அழித்துவிட்டால் அதுவும் போச்சு. அப்புறம், பல பழுதுகளை ஈ.சி.யூ. இரண்டாவது முறை பார்த்த பிறகுதான் லைட்டைப் போடும். உங்களுக்கு அந்த நூறு கிலோமீட்டர் கிடைப்பது அதனால்தான். அதைக் குணமானதாக நினைத்துக்கொள்கிறீர்கள்.

இன்னொரு வகை, ஈ.சி.யூ. பதிவைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவர்கள். பழுதின் குறியீட்டு எண், அதாவது கோடு (code), என்ன வந்ததோ அந்தப் பெயருள்ள பார்ட்டை மாற்றிவிடுவார்கள். என்னிடம் ஒரு பெட்ரோல் கார் வந்தது. கோடு பி 0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. முதலில் பார்த்த இடத்தில் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றி ஆறாயிரம் வாங்கியிருந்தார்கள். ஒரே வாரத்தில் மறுபடி லைட். அடுத்து த்ராட்டில் பாடி கிளீனிங், இரண்டாயிரம். மறுபடி லைட். நான் பானெட்டைத் திறந்தால் எலி கடித்த வேக்யூம் ஹோஸ் புஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது. மாற்ற இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. அந்தச் சென்சார் நடந்ததைத்தான் சொன்னது. புகார் கொடுத்தவனையே பிடித்து உள்ளே போட்டிருக்கிறார்கள். எங்கே தேடுவது என்பதுதான் கோடில் இருக்கும், எதை மாற்றுவது என்பது இருக்காது. பி 0420 (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை) என்றதும் கன்வெர்ட்டருக்கு விலை சொல்கிறவரிடம், 'எக்ஸாஸ்ட் பைப்பில் லீக் பார்த்தீர்களா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களும் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள். செக் எஞ்சின், ஆயில், பேட்டரி, ஏர்பேக் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும். எரியாமல் இருக்கிற லைட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஏர்பேக் லைட்டை ஆயில் லைட்டோடு முடிந்துவைத்த மீட்டரை நான் பிரித்திருக்கிறேன், இரண்டும் ஜோடியாக எரிந்து ஜோடியாக அணையும். ஆயிரம் ரூபாய்க்குள் புளூடூத் ஸ்கேனர் கிடைக்கிறது. செருகிப் பார்த்தால் கோடு எதுவும் இல்லை, ஆனால் மானிட்டர்கள் (ஈ.சி.யூ. தானே செய்துகொள்ளும் சோதனைகள்) பலவும் 'முடியவில்லை' என்று காட்டுகின்றனவா? விற்கிறவர் சமீபத்தில்தான் அழித்திருக்கிறார்.

திருப்பூர்க்காரரே, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை எரிந்தால் எதையும் கழற்றாதீர்கள். லைட் எரிகிறபோதே கொண்டுபோய், கோடு எண்ணைப் பேப்பரில் எழுதி வாங்குங்கள்.

அதே லைட், ஆனால் கண்சிமிட்டுகிறது. வண்டி உதறுகிறது. (சேலம்)

மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் காலி செய்கிறது. உடனே காலை எடுத்து ஓரங்கட்டுங்கள். இக்னிஷன் காயிலோ ஸ்பார்க் பிளக்கோ ஆயிரங்களில் முடிகிற வேலை. கன்வெர்ட்டர் போனால் பல ஆயிரங்கள்.

தாம்பரம் நெரிசலில் சிவப்புத் தெர்மாமீட்டர். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். கையில் கொப்புளம், லைட் அணைந்துவிட்டது. சரிதானே? (சென்னை)

கை சீக்கிரம் ஆறட்டும். செய்தது சரியில்லை. சூட்டில் அந்த மூடியைத் தொடவே கூடாது என்று மேனுவலிலும் இருக்கிறது, மூடியிலேயும் எழுதியிருக்கிறது. ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓரத்துக்கு வந்து, எஞ்சினை அணைத்து முக்கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். நெரிசலில் மட்டும் சூடாகி ஹைவேயில் சரியாக இருந்தால் ஃபேன், ரிலே, ஃபியூஸ் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

இரவில் விக்கிரவாண்டி தாண்டியதும் பேட்டரி படம் சிவப்பாக எரிந்தது. பேட்டரி புதுசு. சென்னை வரை ஓட்டியிருக்கலாமா? (திருச்சி)

பேட்டரி புதுசாக இருக்கலாம், அதற்கு சார்ஜ் போகவில்லை என்றுதான் லைட் சொல்கிறது. நூற்றைம்பது கிலோமீட்டர் ஹெட்லைட்டோடு போயிருக்க முடியாது. முதலில் ஓரங்கட்டி, சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டைப் பாருங்கள். பல எஞ்சின்களில் எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றும், அறுந்திருந்தால் நகராதீர்கள். பெல்ட் இருந்தால் ஏ.சி., பாட்டு எல்லாம் அணைத்து, திண்டிவனம் வரை போய்ப் பார்க்கலாம். வழியில் எஞ்சினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-க்கு போன் செய்யுங்கள்.

புது சீட் கவர் போட்டதிலிருந்து ஏர்பேக் லைட். (கரூர்)

சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டரை அசைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். நீங்கள் டெஸ்ட் லாம்ப் வைத்து நோண்ட வேண்டாம், ஏர்பேக் வெடித்துவிடும். ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். சீட்டில் சைடு ஏர்பேக் இருந்தால் அந்தக் கவரையும் கழற்றிவிடுங்கள்.

பி.எஸ்.6 டீசல். பிள்ளையை ஸ்கூலில் விட நாலு கிலோமீட்டர், திரும்பி நாலு கிலோமீட்டர். டி.பி.எஃப். (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) லைட் வருகிறது. (தஞ்சாவூர்)

அந்த ஓட்டத்துக்கு டீசல் வாங்கச் சொன்னது யார்? ஃபில்டரில் சேரும் கரி எரிய வேண்டுமென்றால் எக்ஸாஸ்ட் நன்றாகச் சூடாக வேண்டும், நாலு கிலோமீட்டரில் ஆகாது. லைட் வந்ததும் பைபாஸில் அறுபதுக்குக் குறையாமல் இருபது நிமிஷம், ஆர்.பி.எம். இரண்டாயிரத்துக்கு மேல் வைத்து ஓட்டுங்கள். சரியான முறை மேனுவலில் உண்டு. லைட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஃபில்டருக்கு லட்சம் ரூபாய் அளவில் பில் வரும்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, சிவப்பு. பிரேக் ஆயில் ஊற்றினேன், அணைந்துவிட்டது. (நாகர்கோவில்)

இருந்த ஆயில் எங்கே போனது? ஒன்று லீக், இல்லையென்றால் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது. இன்றே பாருங்கள். இதோடு ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டி வழுக்காமல் காப்பது) லைட்டும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். மஞ்சள் ஏ.பி.எஸ். மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். மழை ரோட்டில் மெதுவாகப் போங்கள்.

செக் எஞ்சின் லைட் இரவில் கண்ணை உறுத்துகிறது. கறுப்பு டேப் ஒட்டலாமா? (கடலூர்)

ஒட்டுங்கள். காரை விற்கும்போது மட்டும் கவனம். வாங்க வருகிறவர் திருப்பூர்க்காரருக்கு நான் எழுதியதைப் படித்திருக்கலாம்.