பத்து ரசீதுகள்

வணக்கம் ஐயா.

சென்ற மாதக் கட்டுரையில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராக இருந்த துன் சம்பந்தனை ‘நம் ஊர் தந்த மிதவாதி’ என்று எழுதியிருந்தீர்கள். நானும் சுங்கை சிப்புட் பிள்ளைதான். லிந்தாங் சாலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். இப்போது கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. எங்கள் மாணவர் சொற்போரில் ‘சம்பந்தன்: மிதவாதியா, தலையாட்டியா?’ என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எனக்குத் ‘தலையாட்டி’ அணி விழுந்தது. படிக்கப் படிக்க அதுதான் சரி என்று தோன்றுகிறது ஐயா. 1955 முதல் 1974 வரை அமைச்சராக இருந்திருக்கிறார். அத்தனை ஆண்டும் நம் ஆட்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில்தானே கிடந்தார்கள்? தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதி தூக்குமேடை ஏறினார். அவர் பெயரை என் பள்ளிப் பாடநூலில் பார்த்த நினைவே இல்லை. சம்பந்தன் பெயரில் பிரிக்பீல்ட்ஸில் பெரிய சாலையே இருக்கிறது. தமிழ்மொழிக்காக அவர் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்கிறார்கள் எங்கள் அணியில். மிதவாதம் என்பது பயத்துக்கு வைத்த நல்ல பெயர்தானே? எதிரணி எங்களை எங்கே மடக்கும் என்று நீங்கள் சொன்னால் தயார் செய்ய வசதியாக இருக்கும்.

அன்புள்ள மகளுக்கு,

உன் வயதில் எனக்குப் பேத்தி இருக்கிறாள். அந்த உரிமையில் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த வாரம் அம்மாவின் பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்திருந்தேன். உள்ளே ஒரு கைக்குட்டை, அதற்குள் நூல் சுற்றிய பத்து ரசீதுகள். சென்ற மாதக் கட்டுரையை எழுதியபோதே அவை மனதில் இருந்தன. எழுத வரவில்லை. நீ கிளறிவிட்டாய்.

சாலைப் பெயரை விடு. செத்தவர் பெயரை யாரோ எங்கோ வைக்கிறார்கள், அதில் அவருக்குப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. மொழி விவகாரம் தனிக் கட்டுரைக்கு உரியது. ஒன்று மட்டும்: நம் ஊர் மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பியவர் இந்த மனிதர்தான். 1954-ல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார். உன் குடும்பத்தில் யாராவது அங்கே எழுத்துக் கற்றிருக்கலாம், விசாரித்துப் பார்.

‘பயத்துக்கு வைத்த நல்ல பெயர்’ என்று எழுதினாயே, அதற்குத்தான் கோபம் வந்தது. நீ லிந்தாங் சாலைப் பிள்ளை. 1948 ஜூன் 16 என்ன நாள் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று காலையில் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க வந்த அவசரகாலம் நம் ஊரில்தான் மூண்டது. முடிய 12 ஆண்டு ஆயிற்று. தொழிற்சங்கச் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு மே 3-ம் தேதி தொழிற்சங்கத் தலைவர் வீரசேனனைச் சுட்டார்கள், மறுநாள் புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். சம்பந்தன் பிறந்தது 1919 ஜூன் 16. துரைகள் சுடப்பட்ட அன்று அவருக்கு 29 வயது நிறைந்தது, பிறந்த ஊரும் இதே ஊர்.

எங்கள் அப்பா கணபதியின் ஆள். பெரிய ஆள் ஒன்றும் இல்லை, பால்வாளி தொங்கும் காண்டாத் தடியைத் தூக்கித் தோளில் தழும்பேறிய பால்வெட்டுக்காரர். சங்க அட்டை வைத்திருந்தார். கணபதி போன செய்தி வந்த இரவு அந்த அட்டையை அடுப்புச் சாம்பலுக்குக் கீழே குழி தோண்டிப் புதைத்தாராம். அதன் பிறகு அரசியல் பேசியதில்லை. ஒவ்வொரு மே மாதத்திலும் இரண்டு நாள் யாருடனும் பேசாமல் இருப்பார், ஏன் என்று கேட்டால் அம்மா எங்களை அதட்டுவாள். பயம் எங்கள் லயத்தில் அடுப்புக்குக் கீழே இருந்தது மகளே. அந்தச் சொல்லை ஒரு சொற்போர் வெற்றிக்காக எடுத்து வீசாதே. கணபதியையும் சம்பந்தனையும் இரண்டு சினிமாக் கதாநாயகர்கள் மாதிரி எதிரெதிரே நிறுத்திக் கைதட்டல் வாங்கவும் வேண்டாம். ஒருவர் கழுத்தில் கயிறு விழுந்த மண்ணில்தான் மற்றவர் காலை ஊன்றி நடக்க வேண்டியிருந்தது.

எப்படி நடந்தார் என்று கேள். 1955 தேர்தலில் வாக்காளர் பட்டியலில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். இந்தியர் ஐந்து பேர்கூட இல்லை. ம.இ.கா. இருந்த கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்ற தேர்தல் அது, சம்பந்தன் கிந்தா உத்தாராவில் ஜெயித்தார். நம் ஆட்களில் பலருக்குக் குடியுரிமையே கைக்கு வராத காலம். மேடையில் முழங்கினால் கைதட்டக் கூட்டம் உண்டு, ஓட்டுப்போட ஆள் இல்லை. அடுத்த வீட்டுக்காரன் ஓட்டில் சபைக்குப் போகிறவன் அடுத்த வீட்டுக்காரனுக்கும் புரிகிற குரலில் பேசித்தான் ஆக வேண்டும். ம.இ.கா.வைத் தோட்டத்துத் தமிழர் தம் கட்சி என்று நினைக்கத் தொடங்கியதும் அவர் தலைவரான பிறகுதான். இதற்கு மேல் அவர் சட்டசபை வாழ்க்கையைப் பற்றி நான் வாதாடப்போவதில்லை. நூலகத்தில் நிறையக் கிடைக்கும்.

நூலகத்தில் கிடைக்காததைச் சொல்கிறேன்.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று கூறுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பத்திரிகைகள் எழுதின. பேராசிரியர் உங்கு அஜிஸ் 1951 முதல் 1960 வரை நடந்ததை ஆய்ந்து தனி நூலே எழுதினார். துண்டு வாங்கியவனுக்கு மரம் போதும், ஆள் வேண்டாம். லயம் வேண்டாம், பிள்ளை பார்க்கும் ஆயாக்கொட்டகை வேண்டாம், கோயில் வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம். மூன்று தலைமுறை இருந்த இடத்தை விட்டுச் சட்டி பானையோடு ரோட்டுக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

சம்பந்தன் அப்போது அமைச்சர். மனுக் கொடுக்கலாம், கொடுத்தார்கள். மறியல் செய்யலாம், செய்தவர்களும் உண்டு. அவர் வேறொன்று செய்தார். அவசரகாலம் முடிந்த அதே 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கே.ஆர். சோமசுந்தரம் கூட இருந்தார். தோட்டம் விற்கிறானா, நாமே வாங்குவோம். ஒரு பங்கு நூறு வெள்ளி, அதாவது நூறு ரிங்கிட், மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். முதலில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக.

பத்து வெள்ளி என்றால் உனக்கு இன்று ஒரு சாப்பாடு. அன்று அம்மாவுக்குக் கிட்டத்தட்ட மூன்று நாள் கூலி. விடிகாலை ஐந்து மணிக்குப் பெயர் வாசிக்கும் பெரட்டில் நின்று, நெற்றி விளக்கோடு மர நிரைக்குள் போய், நானூறு மரத்துக்கு மேல் வெட்டி, மங்கு மங்காகப் பால் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால் ஒரு நாள் கூலி. அப்படி மூன்று நாள். மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. அதிலிருந்து பத்து வெள்ளியைப் பிடுங்கித் தா என்று கேட்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்திருக்கிறாயா? ஏழைக்குக் கொடுப்பேன் என்று சொல்வது சுலபம், எல்லாரும் சொன்னார்கள். உனக்காகச் சாவேன் என்று சொல்வது கடினம், கணபதி சொல்லாமலே செய்தார். ‘உன் மூன்று நாள் கூலியை என்னிடம் கொடு, உன்னை முதலாளி ஆக்குகிறேன்’ என்று கேட்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. ஒரு வெள்ளி காணாமல் போனாலும் லயத்துக்கு லயம் காறித் துப்புவார்கள். எதிரணி உன்னை மடக்கப்போவது இந்த இடத்தில்தான். தலையாட்டுகிறவன் மேலே இருப்பவனைப் பார்த்துத்தான் தலையாட்டுவான். கீழே இருப்பவளிடம் கைநீட்ட மாட்டான்.

அப்பாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. “கங்காணி சீட்டு மாதிரி இதுவும் போயிடும்” என்றார். “அவன் மரத்த வெட்டுறது போதாதா, காசு குடுத்து வேற வெட்டணுமா?” அம்மா பதில் சொல்லவில்லை. சம்பள நாளில் சங்கத்து ஆள் ரசீதுப் புத்தகத்தோடு கோயில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளி நோட்டுகளாக எண்ணி வைப்பாள். ரசீதை வாங்கி என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். எனக்கு எட்டு வயது. “ரிங்கிட் பத்து” என்று எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இரண்டு முறை படிக்க வைப்பாள்.

ஏழாவது ரசீதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் மூன்று மாதம் இடைவெளி. ஐப்பசி மழை. அந்த மாதங்களில் கடைக்காரனிடம் அரிசிக் கடன் ஏறிக்கிடந்தது, தங்கை காய்ச்சலில் கிடந்தாள். எட்டாவதை அவள் எதை விற்றுக் கட்டினாள் என்று நான் வளர்ந்த பிறகுதான் கவனித்தேன். கல்யாணப் புகைப்படத்தில் இருக்கிற மூக்குத்தி எனக்கு நினைவு தெரிந்த அம்மாவின் முகத்தில் இல்லை.

பத்தும் கட்டி முடித்த பிறகு எங்கள் தோட்டமே விலைபோயிற்று. ஒரு நாள் பெரட்டில் தோட்டத்துக் கணக்கர் கிராணி பெயர் வாசித்தார், எங்கள் வரிசையில் பாதிப் பேருக்குப் பெயர் வரவில்லை. அப்பாவுக்கு வரவில்லை, அம்மாவுக்கும் வரவில்லை. புறம்போக்கில் தகரக் கொட்டகை போட்டோம். அந்தத் தோட்டத்தைச் சங்கம் வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம் என்று எனக்குப் பல வருடம் ஆத்திரம் இருந்தது. எல்லாவற்றையும் வாங்க ஏழைகளின் பத்து வெள்ளிகள் எப்படிப் போதும்?

நான் அவரைப் பூஜை செய்கிறேன் என்று நினைக்காதே. அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான் 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் முறை நம்மைப் பிடித்தது. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பல்லாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். எங்கள் பெரியப்பா பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார், அவருக்கு இந்தியாவில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அந்த அமைச்சரவையில் உட்கார்ந்திருந்த மனிதரை நான் இன்றும் அதற்காக மன்னிக்கவில்லை. இன்னொன்று: சங்கம் வாங்கிய தோட்டத்திலும் பங்குக்காரி விடியலில் பெரட்டில்தான் நின்றாள். கூலி கூலியாகவே இருந்தது. உன் அணிக்கு வலுவான வாதம் வேண்டுமானால் இவை இரண்டையும் எடுத்துக்கொள். லயத்தில் கிடந்தார்கள் என்று பொத்தாம்பொதுவாகப் பேசாதே.

1970-களின் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக அம்மாவைக் கெடாவுக்குக் கூட்டிப் போனேன். சங்கத் தோட்டம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். பார்க்க வேண்டும் என்று நின்றாள். பட்டுச்சேலையோடு நிரைக்குள் இறங்கிவிட்டாள். அவள் உளி பிடித்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்றாவது மரத்தில் நின்று வெட்டின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்தாள். விரல் ஓர் இடத்தில் தட்டியது.

“ஆழமாப் போயிருச்சு. கட்டையில பட்டிருக்கு. இந்த எடத்துல இனிமே பட்டை நேரா வளராது.”

அடுத்த நிரையில் பால் எடுத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டாள். உன் வயதுதான் இருக்கும். “யாரும்மா இந்த மரத்த வெட்டுறது? பட்டையப் பாத்து வெட்டக்கூடாதா?” அந்தப் பெண் வாளியை வைத்துவிட்டு மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க யாரு பாட்டி?”

அம்மா இடுப்புச் செருகலிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். கல்யாண வீட்டுக்கு அவள் அதை எடுத்துவந்தது எனக்குத் தெரியாது. “எனக்கும் இதுல பங்கு இருக்கு ஆத்தா” என்றாள். அந்தப் பெண் ரசீதைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த உளியைப் பாவாடையில் துடைத்து அம்மாவிடம் நீட்டினாள்.

“எப்படின்னு காட்டுங்க.”

சம்பந்தனை நான் ஒரு முறையும் நேரில் பார்த்ததில்லை. எனக்கு அவர் என்றால் அந்த உளி கைமாறிய நிமிடம்.

ரசீதுகளைப் படமெடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். சொற்போர் எந்தத் தேதி என்று நீ எழுதவில்லை. எழுது. இங்கிருந்து காலை ரயில் இருக்கிறது, முன் வரிசையில் ஒரு நாற்காலி பிடித்து வை.