பினாங்குல வானத்தைப் பார்த்து நின்னவங்க

அன்புள்ள அக்கா,
என் தாத்தா பினாங்கு துறைமுகத்துல வேலை பார்த்தவர். 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் குண்டு போட வந்தப்ப ஜனங்க ஓடாம நடுரோட்டுல நின்னு பிளேனை எண்ணிட்டு இருந்தாங்கன்னு சொல்வார். நிஜமா அக்கா? அவ்வளவு வெகுளியாவா இருந்தாங்க? எத்தனை பிளேன் வந்துச்சு?
கார்த்தி

கார்த்தி,

பினாங்கு ரொம்ப நாளா எனக்குள்ள ஓடிட்டே இருக்கு, உங்க லெட்டர் பார்த்ததும் எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். தாத்தா சொன்னது நிஜம். டிசம்பர் 11, பினாங்குத் தீவோட பெரிய ஊரான ஜார்ஜ் டவுன். பிளேன் கணக்கு புக்குக்கு புக்கு மாறும், அதை விடுங்க.

ஆனா வெகுளின்னு சொல்லாதீங்க, எனக்குப் பொறுக்கல. 9ஆம் தேதியே அக்கரையில பட்டர்வொர்த் ஏர்பேஸ்ல குண்டு விழுந்துடுச்சு, சண்டை நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அடிச்சா பட்டாளத்தைத்தான் அடிப்பான், மார்க்கெட்டுக்குக் காய் வாங்க வந்தவளை எதுக்கு அடிக்கப்போறான்னு நினைச்சிருப்பாங்க. நீங்களா இருந்தாலும் அப்படித்தானே நினைச்சிருப்பீங்க? சிங்கப்பூர் கோட்டையை எவனாலயும் அசைக்க முடியாதுன்னு வருஷக்கணக்கா அவங்ககிட்ட சொன்னது யாரு? தீவுல விமானத்தைச் சுடற பீரங்கி ஒண்ணுகூட இல்லைன்னு சர்க்காருக்குத் தெரியும், ஜனங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவன் வாயைத் திறக்கல, தெரியாதவன் செத்தான், இப்ப எண்பது வருஷம் கழிச்சு செத்தவனை வெகுளிங்கறோம். செத்தவங்களும் காயம்பட்டவங்களும் ஆயிரத்துக்கு மேல, சீனர், தமிழர், மலாய்க்காரர்னு எல்லாரும்தான். பொணத்தை எடுக்கக்கூட ஆளில்லாம தெருவுல கிடந்துச்சு.

அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. 16ஆம் தேதி ராத்திரி வெள்ளைக்காரங்க மட்டும் சத்தமில்லாம கப்பலேறிப் போயிட்டாங்க. ஊர்க்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சிங்கப்பூர் ரேடியோவுல பிரிட்டிஷ் மந்திரி டஃப் கூப்பர் என்னமோ பினாங்கு ஜனங்களையே பத்திரமா வெளியேத்திட்ட மாதிரி பேசினார், அதைக் கேட்ட ஊர் எப்படிக் கொதிச்சிருக்கும்!

போனவங்க யூனியன் ஜாக்குங்கற பிரிட்டிஷ் கொடியைக்கூட இறக்காம கார்ன்வாலிஸ் கோட்டையில அப்படியே பறக்கவிட்டுட்டுப் போயிட்டாங்க. கொடி பறக்கற வரைக்கும் ஜப்பான்காரன் குண்டு போடத்தானே செய்வான்? அதை இறக்கினது யாருன்னு நினைக்கறீங்க, மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகை எடிட்டர். கொழும்புல பி. சாரா ஓவல்னு கிரிக்கெட் கிரவுண்ட் இருக்கே, அது இவர் அண்ணன் தம்பிகள்ல ஒருத்தர் பேர்ல உள்ளதுதான். அந்தப் பேர் கிரிக்கெட் பார்க்கற எல்லாருக்கும் தெரியும், இவர் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊர்ல மிஞ்சின எல்லா இனத்து ஆளுங்களையும் சேர்த்து ஒரு கமிட்டி போட்டு, வெள்ளைக்கொடி ஏத்தி, போனவங்க உடைக்காம விட்டுட்டுப் போன ரேடியோ ஸ்டேஷன்லேர்ந்தே ‘இங்க பட்டாளம் யாரும் இல்ல, குண்டு போடாதே’ன்னு ஜப்பான்காரனுக்குச் சொன்னார். 19ஆம் தேதி ஜப்பான் பட்டாளம் வந்து இறங்குச்சு, பின்னாடி அவரையே பிடிச்சு ஜெயில்லயும் போட்டுச்சு.

தாத்தா வேற என்னெல்லாம் சொன்னார், எந்தத் தெருவுல நின்னார், பக்கத்துல யார் இருந்தா, அன்னிக்கு ராத்திரி எங்க படுத்தார், வீட்டுல பெரியவங்களைக் கேட்டு ஒண்ணு விடாம எழுதி அனுப்புங்கப்பா. பிளேன் எத்தனைன்னு மட்டும் இனிமே என்னைக் கேக்காதீங்க.