கேமராவை யூஸ் பண்ணாம வச்சிருந்தா சார்ஜ் தானா இறங்குதே, பேட்டரி போச்சுன்னு அர்த்தமா?

ஃபுல் சார்ஜ் போட்டு பைக்குள்ள வச்சேன், மூணு மாசம் கழிச்சு எடுத்தா சிவப்பா மினுக்குது, புது பேட்டரி வாங்கணுமான்னு கேட்டிருக்கீங்க. வாங்காதீங்க, ஒரு ரெண்டு வாரம் பொறுங்க. நான் அவசரப்பட்டு வாங்கி ஏமாந்தவன், அதனால சொல்றேன்.

அண்ணன் பொண்ணு காதுகுத்து, எங்க குலதெய்வம் கோயில்ல. காட்டுக்குள்ள இருக்கற கோயில், ஒரே ஒரு ட்யூப்லைட், பிளக் பாயிண்ட்டுன்னு ஒண்ணு கிடையாது. நாலு மாசமா பீரோல கெடந்த கேமராவ அப்படியே பையோட தூக்கிட்டு போயிட்டேன், ஏன்னா உள்ள வைக்கும்போது ஃபுல் சார்ஜ்னு நல்லா ஞாபகம் இருக்கு. பாப்பா தாய்மாமன் மடியில உக்காந்து வாழைப்பழம் தின்னுட்டிருக்கா, ஆசாரி ஊசிய எடுத்துட்டாரு, நான் ஷட்டர அமுக்குறேன், ஸ்க்ரீன் ஒரு தடவ கண்ணத் தொறந்து மூடிருச்சு. "என்னாச்சு தம்பி"ன்னு அண்ணி கேக்குறாங்க, எனக்கு வேர்த்துருச்சு. சைடு ஜிப்ப துழாவினா ஒரு பழைய ஸ்பேர் பேட்டரி, அதுவும் அதே நாலு மாசமா கெடந்ததுதான், அதைப் போட்டேன், முக்கால்வாசி சார்ஜ் காட்டுச்சு. அதுக்குள்ள ஒரு காது முடிஞ்சிருச்சு. ஆல்பத்துல பாப்பாவுக்கு இடது காது மட்டும்தான் குத்தியிருக்கோம்.

இதுலயே விடை இருக்குல்ல? கேமராவுக்கு வெளிய கெடந்த பழைய பேட்டரியில சார்ஜ் இருக்கு, உள்ள இருந்த புதுசுல இல்ல. ஆனா எனக்கு அப்ப உறைக்கல, பேட்டரி செத்துச்சுன்னு இன்னொண்ணு வாங்கி அதையும் உள்ளயே போட்டு வச்சேன், ரெண்டு மாசத்துல அதுவும் காலி.

அப்புறம்தான் உக்காந்து டெஸ்ட் பண்ணேன். ரெண்டு பேட்டரிக்கும் ஃபுல் சார்ஜ், ஒண்ணு ஆஃப் பண்ண கேமராவுக்குள்ள, இன்னொண்ணு மேஜை டிராயர்ல. ரெண்டு வாரம் கழிச்சு மெனுல பார்த்தா உள்ள இருந்தது 58 சதவீதம், டிராயர்ல இருந்தது 98. மெனுல ஒவ்வொண்ணா நோண்டினதுல ஜிபிஎஸ் ஆன்ல இருந்துச்சு. எப்பவோ ஒரு டூர்ல போட்டது. சில மாடல்ல ஜிபிஎஸ்ஸுக்கு ரெண்டு மோடு இருக்கும், ஒரு மோடுல கேமரா ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணாலும் அது பாட்டுக்கு சேட்டிலைட்ட தேடிக்கிட்டே இருக்கும். இது ரிப்பேர் இல்ல, மேனுவல்லயே போட்டிருக்கான், நாமதான் படிக்கறதில்ல. இப்ப வர்ற மாடல்கள்ல போனோட ஜோடி சேர்த்து வச்ச ப்ளூடூத்தும் இதே வேலைய பார்க்கும். ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு திரும்ப ரெண்டு வாரம் வச்சேன், 96.

லித்தியம் அயான் பேட்டரி சும்மா இருந்தா தன்னால இறங்கறது மாசத்துக்கு ஒரு ரெண்டு மூணு சதவீதம்தான், உள்ள இருக்கற பாதுகாப்பு சர்க்யூட் குடிக்கறதையும் சேர்த்தா கொஞ்சம் கூட வரும். அதனால வெளிய கழட்டி வச்சே ஒரு மாசத்துல பாதி காலின்னா, அப்பத்தான் பேட்டரி மேல சந்தேகப்படணும். கேனான்ல நிறைய மாடல் மெனுல பேட்டரி ஆரோக்கியத்த மூணு கட்டமா காட்டும், நிக்கான்ல 0ல இருந்து 4 வரைக்கும் வயசு காட்டும், 4 வந்தா மாத்திடுங்க.

அப்ப கழட்டியே வச்சிடலாமேன்னா, வைக்கலாம், நான் அப்படித்தான் வைக்கறேன். ஒரே ஒரு தொல்லை. தேதி நேரத்த ஞாபகம் வச்சுக்க உள்ள ஒரு குட்டி பேட்டரி இருக்கும், பல கேமராவுல அது பெரிய பேட்டரில இருந்துதான் சார்ஜ் ஏத்திக்கும், மாசக்கணக்குல கழட்டி வச்சா அதுவும் தீர்ந்து கேமரா தேதிய மறந்துரும். கவனிக்காம எடுத்துத் தள்ளினா கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது இந்த வருஷப் பொங்கல் போட்டோ எல்லாம் ஏதோ ஒரு பழைய வருஷத்து ஜனவரி 1க்குப் போய் உக்காந்துக்கும்.

உங்க கேமராவோ ஃப்ளாஷோ பென்சில் செல் போடற ரகமா இருந்தா கதையே வேற. பழைய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்லு ஓட்டப் பானை மாதிரி, சும்மா வச்சாலே மாசத்துக்கு 20, 30 சதவீதம் போயிரும். 2005 கடைசியில சான்யோ எனிலூப்னு ஒண்ணு கொண்டு வந்தான், ஒரு வருஷம் கழிச்சும் 85 சதவீதம் நிக்கும்னு சொல்லி வித்தான், இப்ப அது பானாசோனிக் பேர்ல வருது. ஃப்ளாஷுக்கு நான் அந்த ரகத்தத் தவிர வேற வாங்கறதில்ல. கவர்ல எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்னு 2800, 3000ன்னு (எம்ஏஎச் கணக்கு) பெருசா நம்பர் போட்டிருக்கேன்னு மயங்கிடாதீங்க, எடுத்து வச்சு எடுத்து வச்சு யூஸ் பண்றவங்களுக்கு அந்த நம்பரால ஒரு பிரயோஜனமும் இல்ல.

இன்னொண்ணு, சார்ஜ் இறங்கறது வேற, பேட்டரி தேயறது வேற. சார்ஜ் இறங்கினா திரும்ப ஏத்திக்கலாம், தேஞ்சா தேஞ்சதுதான். லித்தியத்த ஃபுல்லா ஏத்தி 25 டிகிரில ஒரு வருஷம் வச்சா கொள்ளளவுல சுமார் 20 சதவீதம் நிரந்தரமா போயிரும், 40 சதவீதம் சார்ஜோட வச்சா 4 சதவீதம்தான் போகும். இதே 40 டிகிரி வெயில்னா முறையே 35ம் 15ம். மொட்டை மாடிக்குக் கீழ் ரூம்ல, இரும்பு பீரோல, மே மாசத்துல வைக்கறவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க. அதுக்காக ஃப்ரிட்ஜுலயும் வைக்காதீங்க, வெளிய எடுக்கும்போது வேர்த்து டெர்மினல்ல ஈரம் கோத்துக்கும். வீட்லயே குளுமையான ரூம்ல கீழ்த்தட்டு போதும். ஒரேயடியா காலியாவும் வைக்கக்கூடாது, ரொம்ப அடிமட்டத்துக்கு இறங்கிட்டா பாதுகாப்பு சர்க்யூட் பூட்டிக்கும், சார்ஜர்ல போட்டா லைட் வேக வேகமா சிமிட்டும், ஏறாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்து பாதி வரைக்கும் ஏத்தி வைங்க.

கேனானோட எல்பி-இ6ங்கற பேட்டரிக்கு வர்ற மூடியில பேட்டரி வடிவத்துல ஒரு ஓட்டை இருக்கும், பார்த்திருக்கீங்களா? மூடிய ஒரு பக்கமா மாட்டினா அதுல நீலம் தெரியும், திருப்பி மாட்டினா தெரியாது. எது சார்ஜ் ஏத்தினது எது ஏத்தாததுன்னு அடையாளத்துக்குத்தான் அது. ரொம்ப நாள் நான் அதை ஏதோ டிசைன்னு நினைச்சிட்டிருந்தேன். மூடி இல்லாத பேட்டரிக்கு ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டி தேதி எழுதி வைக்கறேன், அந்த டேப்ப டெர்மினல் மேலயே ஒட்டிட்டா பையில சில்லறைக் காசு பட்டு ஷார்ட் ஆகாது.

அவசரத்துல வாங்கினேன்னு சொன்னேன்ல, அது பேர் தெரியாத கம்பெனி பேட்டரி, கடைசியில உப்பிப் போய் கேமராவுக்குள்ளயே சிக்கிக்கிச்சு, வெளிய எடுக்க அரை மணி நேரம் ஆச்சு. உங்களோடது லேசா உப்பின மாதிரி இருந்தா மேல சொன்ன டெஸ்ட் எதுவும் வேண்டாம், சார்ஜர்லயே போடாதீங்க. குப்பைத்தொட்டிலயும் போடாம இ-வேஸ்ட் எடுக்கறவங்க கையில குடுத்துருங்க.