கேளுங்க சொல்றேன்: ட்ராப் டேங்க்கும் கட்டுச்சோறும்

போன தடவை ஃப்ளைட் சிமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற கேம் பத்தி ஒரு சின்ன பதில்தான் போட்டேன், அதுக்கு வந்து குவிஞ்ச கேள்வில பாதிக்கு மேல ட்ராப் டேங்க் பத்தி, அதாவது விமானத்துக்கு வெளிய தொங்குற, வேணாம்னா கழட்டி விடுற பெட்ரோல் டேங்க். சரி, இந்த தடவை முழுசும் அதுதான்.

கே: அண்ணே, டிசிஎஸ்ங்கிற சிமுலேட்டர் கேம்ல ஹார்னெட் போர் விமானம் வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. நடுவானத்துல தீந்துடுமோன்னு பயந்து எப்பவும் மூணு டேங்க் மாட்டிடுவேன், வெயிட் கம்மியாகட்டும்னு உள் டேங்க்க பாதி மட்டும் வெச்சுக்குவேன். ஆனா டாக்ஃபைட்ல, கிட்ட வந்து சுத்திச் சுத்தி போடுற சண்டைல, ஒரு தடவ கூட எதிரி பின்னாடி போக முடியல, நாலு சுத்துக்குள்ள என்னைய போட்டுடுறான். (கல்லூரி மாணவர், திருச்சி)

ப: தம்பி, வயிறு காலியா இருக்கு, தோள்ல மூணு தூக்குச்சட்டிய மாட்டிக்கிட்டு கபடி ஆடப் போறீங்க, வேற என்ன ஆகும்? மொதல்ல உள் டேங்க்க ரொப்புங்க. அதுல சுமார் 10,800 பவுண்டு பிடிக்கும், அதுக்கு காத்து இழுக்குற தொல்லையே கிடையாது, ஏன்னா அது விமானத்துக்குள்ளயே இருக்கு. வெளிய தொங்குற 330 காலன் டேங்க் ஒண்ணுக்கு சுமார் 2,200 பவுண்டுதான். நீங்க மூணு டேங்க்ல சுமக்குறது மொத்தம் 6,600, உள்ள காலியா விட்டது 5,400, கணக்கு போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட அதே பெட்ரோலுக்கு மூணு பூசணிக்காய கட்டித் தொங்கவிட்டு பறக்குறீங்க. டேங்க் காலியானா வெயிட் போயிடும், ஆனா காத்து பிடிச்சு இழுக்குறது அப்படியேதான் இருக்கும், அதான் நெறைய பேருக்கு புரியறதில்ல. டேங்க்க கழட்டி விட்டாலும் அது தொங்குன பைலான், அதாவது டேங்க்க மாட்டுற தாங்கி, விமானத்துலயே நிக்கும், அதனால மொத்தமா சுத்தமாயிடும்னும் நெனைக்காதீங்க.

இன்னொரு விஷயம். ஜின்னா வேகமா திரும்புறப்ப அமுக்குற விசை, நம்ம எடைக்கு எத்தன மடங்குன்னு கணக்கு. ஹார்னெட் 7.5 ஜி வரைக்கும் இழுக்க விடுறது மொத்த எடை 32,000 சொச்சம் பவுண்டுக்குள்ள இருந்தாத்தான், அதுக்கு மேல போகப் போக கம்ப்யூட்டரே ஜி-ய கொறைச்சுடும், நீங்க ஸ்டிக்க பிடிச்சு தொங்குனாலும் திரும்பாது. உள் டேங்க் ஃபுல்லா இருந்தாலே அந்த எடைய தாண்டிடும். அதனால சண்டைக்குள்ள நுழையறப்ப உள்ள பாதி, வெளிய ஒண்ணும் இல்ல, இப்படி வர்ற மாதிரி பிளான் பண்ணுங்க. போற வழிக்கு வெளி டேங்க், சண்டைக்கும் திரும்பி வரவும் உள் டேங்க். நம்ம ஊர்ல பஸ்ல கட்டுச்சோத்த தின்னுட்டு இலைய வெளிய வீசுவாங்கல்ல, அதே சமாச்சாரம்தான்.

வீசுறதுலயும் ஒரு முறை இருக்கு. இடது பக்கம் லேண்டிங் கியர் லிவர் இருக்குற இடத்துல ஸ்டேஷன் பட்டன்கள் இருக்கும், எந்த டேங்க்கோ அதை அமுக்குங்க, செலக்ட் ஜெட் குமிழ ஸ்டோர்ஸ் பக்கம் திருப்பி, மாஸ்டர் ஆர்ம்ங்கிற ஆயுத சுவிட்ச்ச போட்டு, குமிழ் நடுவுல இருக்குற பட்டன அமுக்குங்க. சக்கரம் மேல ஏறி இருக்கணும், இல்லன்னா விழாது. அவசரத்துல மஞ்சள் கருப்பு கோடு போட்ட எமர்ஜென்சி பட்டன குத்திடாதீங்க, பைலான்ல இருக்குற மிசைலும் சேந்து போயிடும். நான் குத்திருக்கேன். அதுக்கப்புறம் பீரங்கிய மட்டும் நம்பி மிக் 29ங்கிற ரஷ்ய போர் விமானத்துக்கு எதிர்ல நின்ன கதைய இங்க எழுதுனா மானம் போயிடும்.

கே: ரெண்டாம் உலகப் போர் காலத்து பி-51 முஸ்டாங் ஓட்டுறேன். டேங்க்க கழட்டி விட்ட அடுத்த நிமிஷமே இன்ஜின் நின்னுடுது. இது கேம்ல இருக்குற பக், அதாவது கோளாறா? (மதுரை வாசகர்)

ப: பக் இல்ல சார், நீங்கதான். பழைய பைக்ல ரிசர்வ் குமிழ் இருக்குமே, வண்டி திக்கித் திக்கி நிக்கப் போறப்ப குனிஞ்சு திருப்புவோமே, பி-51ல அதே மாதிரி ஒரு குமிழ்ல அஞ்சு இடம்: இடது இறக்கை, வலது இறக்கை, சீட்டுக்கு பின்னாடி டேங்க், இடது ட்ராப், வலது ட்ராப். குமிழ் ட்ராப் டேங்க் மேல இருக்கும்போதே டேங்க்க கழட்டி விட்டா இன்ஜின் காத்தத்தான் குடிக்கும். மொதல்ல இறக்கை டேங்க்குக்கு திருப்புங்க, அப்புறம் கழட்டுங்க. புதுசா ஓட்டுற எல்லாரும் ஒரு தடவயாவது இதுல மாட்டுவாங்க.

ட்ராப் டேங்க்குக்கு கேஜே கிடையாது, வாட்ச்ச பாத்துதான் கணக்கு வெச்சுக்கணும். 75 காலன் டேங்க் ஒண்ணு, நிதானமா போனா ஒரு மணி நேரம் சொச்சம் வரும். ஒரே பக்கத்த முழுசா தீத்துட்டா விமானம் இன்னொரு பக்கம் சாயும், அதனால அப்பப்ப மாத்தி மாத்தி குடிங்க. அந்த காலத்து 108 காலன் டேங்க் காகிதத்துல செஞ்சதுன்னு தெரியுமா? நெசமாவே காகிதம், பசை போட்டு அடுக்கடுக்கா ஒட்டினது, இங்கிலாந்துல பண்ணாங்க. பெட்ரோல் ஊத்தி ரொம்ப நேரம் வெச்சா பசை ஊறிப் போகும்னு கிளம்புறதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் ரொப்புவாங்க.

கே: அப்ப இன்னும் பெரிய டேங்க்கா மாட்டினா இன்னும் தூரம் போகலாம்ல? (சேலம்)

ப: போகலாம், திரும்பி வர முடியாது. டேங்க்க வீசுன அந்த இடத்துல இருந்து சண்டை போட்டு வீடு வந்து சேர உள்ள எவ்ளோ இருக்கோ, அதுதான் உங்க எல்லை. அதே காலத்து பிரிட்டிஷ் விமானம் ஸ்பிட்ஃபயர் 9ல உள்ள பிடிக்கிறது 85 பிரிட்டிஷ் காலன், 90 காலன் டேங்க்க வயித்துல கட்டினாலும் திரும்பி வர அந்த 85தான். முஸ்டாங்ல உள்ளயே 269 அமெரிக்க காலன், அதனாலதான் அது பெர்லின் வரைக்கும் போய் சண்டை போட்டுட்டு வந்துச்சு. எல்லாரும் டேங்க்க புகழுவாங்க, என்னைக் கேட்டா பெருமை உள்ள இருந்த பெட்ரோலுக்குத்தான்.

இன்னொண்ணு, கிளம்புன கொஞ்ச நேரத்துலயே வெளி டேங்க்ல இருந்து பெட்ரோல் வருதான்னு பாத்துடுங்க, எதிரி ஊர்ல போய் பாக்காதீங்க. 1943 ஏப்ரல் 18 அன்னிக்கு ஜப்பான் அட்மிரல் யமமோட்டோவ வீழ்த்த பசிபிக் கடல்ல இருக்குற குவாடல்கனால் தீவுல இருந்து பி-38ங்கிற அமெரிக்க போர் விமானம் பதினெட்டு கிளம்பணும். ஒண்ணுக்கு டயர் போச்சு, இன்னொண்ணுக்கு ட்ராப் டேங்க்ல இருந்து பெட்ரோல் வரல, திரும்பிட்டாரு. மிச்சம் பதினாறு. இலக்கு கண்ணுல பட்ட நேரத்துல, தாக்க வேண்டிய நாலு பேர்ல ஒருத்தருக்கு டேங்க் கழலவே இல்ல, அதை உதறித் தள்ள அவர் கடலோரமா டைவ் அடிக்கப் போயிட்டாரு, அவருக்கு துணையா இன்னொருத்தர். கடைசில ரெண்டே பேர்தான் நேரா பாஞ்சாங்க. யமமோட்டோ விமானம் விழுந்துச்சு, ஆனா எவ்ளோ நெருக்கத்துல தப்பிப் போயிருக்கும்னு பாருங்க.

கே: நெசத்துல டேங்க்க போட்டா கீழ யாரு தலையிலயாவது விழாதா? (கோயம்புத்தூர்)

ப: உங்க ஊர்லயே நடந்ததே சார். 2019 ஜூலை 2, சூலூர்ல இருந்து பறந்த தேஜஸ்ல இருந்து 1,200 லிட்டர் டேங்க் கழண்டு இருகூர் பக்கம் வயக்காட்டுல விழுந்துச்சு. நல்ல வேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல, விமானமும் பத்திரமா இறங்கிடுச்சு. கேம்ல யாரு கேக்கப் போறா, டேங்க்குக்கு காசும் கிடையாது, அதான் நாம கொய்யா உலுக்குற மாதிரி உலுக்குறோம். அமைதி காலத்துல நெச பைலட்டுங்க காலி டேங்க்க பத்திரமா திருப்பிக் கொண்டு வந்துதான் ஆகணும்.

கே: என் பையன் பிளஸ் டூ. சாப்பிட கூப்பிட்டா "டேங்க்ல பெட்ரோல் இருக்கும்மா, தீந்ததும் இறங்கிட்டு வரேன்"ங்கிறான். எவ்ளோ நேரத்துல தீரும்? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

ப: அம்மா, அது அவன் ஓட்டுற விதத்த பொறுத்தது. ஹார்னெட்னு வெச்சுக்கோங்க, ஒசரத்துல நிதானமா போனா ஒரு வெளி டேங்க்கே இருபது நிமிஷத்துக்கு மேல வரும். தாழ்வா ஆஃப்டர்பர்னர், அதாவது வால்ல பெட்ரோல ஊத்தி எரிச்சு வேகம் கூட்டுற வசதிய, போட்டு ஓட்டினா அதே டேங்க் ரெண்டு மூணு நிமிஷம்தான். ரூம் வாசல்ல நின்னு சத்தத்த கேளுங்க. "கர்ர்ர்"னு விடாம உறுமுச்சுன்னா தட்ட எடுத்து வெச்சுடலாம். அமைதியா இருந்துச்சுன்னா, வானத்துலயே பெட்ரோல் ரொப்புற டேங்கர் விமானத்த தேடிக்கிட்டு இருக்கான்னு அர்த்தம், சோத்த மூடி வெச்சுட்டு நீங்க சாப்பிடுங்க.