புதுப் பாகம் போட்ட பிறகு கேம் நின்றுபோனால்: கேள்வி பதில்

ரேம், கிராபிக்ஸ் கார்டு, பிராசசர் என்று எதையாவது மாற்றிய பிறகு கேம்கள் பாதியில் நின்றுபோவதாக வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களில் பலர் மாதக்கணக்கில் பணம் சேர்த்து வாங்கியவர்கள். ஆகவே ‘இன்னொன்று வாங்கிப் பாருங்கள்’ என்பதைக் கடைசியாகத்தான் சொல்வேன்.

கேள்வி: ரைசன் 7600 பிராசசருடன் 6000 வேக டிடிஆர்5 ரேம், 16 ஜிபி ஸ்டிக் இரண்டு வைத்திருந்தேன். அதே மாடலில் இன்னும் இரண்டு பொருத்தினேன். இப்போது எந்தக் கேமும் அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் மூடிக்கொள்கிறது. புது ரேம் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 6000 என்பது, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில்) எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற, ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பை இயக்கினால் கிடைக்கும் வேகம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதியளிப்பது இரண்டு ஸ்டிக் இருந்தால் 5200, நான்கு இருந்தால் வெறும் 3600. அதற்கு மேல் ஓடினால் அது உங்கள் பிராசசரின் தனித் திறமை. இரண்டு ஸ்டிக்கோடு 6000இல் ஓடியது நான்கோடும் ஓடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

முதலில் எக்ஸ்போவை அணைத்துவிட்டு ஒரு மாலை முழுக்க விளையாடுங்கள். கேம் நிற்கவில்லை என்றால் காரணம் தெரிந்துவிட்டது. பிறகு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ‘ஒன்றுதானே’ என்று விட்டுவிடக் கூடாது. எக்ஸ்போ இல்லாமலும் பிழை வந்தால் ஸ்டிக்குகளைத் தனித்தனியாகச் சோதியுங்கள்.

ஒரே மாடல் எண் இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். உண்மையிலேயே 64 ஜிபி வேண்டுமென்றால், ஒரே பெட்டியில் சேர்த்துச் சோதித்து விற்கும் 32 ஜிபி இணையை வாங்குங்கள். விளையாட மட்டும் என்றால் உங்களிடம் முதலில் இருந்த 32 ஜிபியே போதும். புதியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: டிடிஆர்5 மாற்றியதும் முதல்முறை இயக்கும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். பதறி அணைத்துவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, பழைய கார்டை எடுத்துவிட்டு ஆர்டிஎக்ஸ் 3080 போட்டேன். பெரிய சண்டைக் காட்சி வந்ததும் கம்ப்யூட்டரே அணைந்து மீண்டும் எழுகிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று இருக்கிறது. பவர் சப்ளை 650 வாட். வீட்டில் 600 விஏ யுபிஎஸ் உண்டு.

பதில்: தம்பி, 41 என்ற எண் ‘முறையாக அணைக்கப்படவில்லை’ என்று மட்டுமே சொல்கிறது. காரணத்தை அது சொல்லாது. அதை வைத்து எந்தப் பாகத்தையும் குற்றம் சாட்ட வேண்டாம்.

முதல் சந்தேகம் யுபிஎஸ் மீது. வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். உங்கள் கார்டு ஒன்றே 320 வாட் இழுக்கும். இன்றே சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை.

அதற்குப் பிறகும் அணைந்தால் கேபிள்களைப் பாருங்கள். 8 முனை இணைப்பு ஒவ்வொன்றுக்கும் 150 வாட் என்பது வரையறை. கார்டில் இரண்டு இருக்கும்போது, ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு தலைகளைச் செருகாமல் பவர் சப்ளையிலிருந்து தனித்தனிக் கேபிள் இழுங்கள். 3080 போன்ற கார்டுகள் கண நேரத்துக்குத் தம் சராசரியைவிட மிக அதிகமாக இழுக்கும். பழைய பவர் சப்ளை அதை ஷார்ட் சர்க்யூட் போல எண்ணித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். கார்டின் மின் வரம்பை 70 சதவீதமாகக் குறைத்து, ஃபிரேம் எண்ணிக்கையை 60க்குக் கட்டிவைத்து விளையாடுங்கள். இப்போது அணையவில்லை என்றால் சந்தேகம் பவர் சப்ளை பக்கம் சாய்கிறது. அதன்பிறகு புதியது வாங்குவதில் தவறில்லை.

கேள்வி: என் மகனின் கம்ப்யூட்டரில் ஏஎம்டி கார்டுக்குப் பதிலாக என்விடியா கார்டு போட்டார்கள். ‘டிஸ்பிளே டிரைவர் இயங்குவதை நிறுத்தி மீண்டது’ என்று வந்து கேம் மூடிக்கொள்கிறது. கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டும் என்கிறார். அவன் கல்லூரிப் பாடங்கள் அதில் இருக்கின்றன.

பதில்: அம்மா, எதையும் அழிக்க இப்போதே சம்மதிக்காதீர்கள். கிராபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை மீட்டமைக்கும். அந்தச் செய்தியின் பொருள் அதுதான். பழைய ஏஎம்டி டிரைவரின் மிச்சம் உள்ளே இருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளை மகனிடம் தரவிறக்கச் சொல்லுங்கள். இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் அதை இயக்கி இரண்டு நிறுவனங்களின் டிரைவர்களையும் நீக்கிவிட்டு, முன்பே தரவிறக்கி வைத்த என்விடியா டிரைவரைப் புதிதாக நிறுவட்டும். இணையத்தைத் துண்டிக்காவிட்டால் இடையில் விண்டோஸ் தானே ஒரு டிரைவரைப் போட்டுவிடும். பாடங்களை மட்டும் இன்றே வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைக்கட்டும்.

கேள்வி: கோர் ஐ9 14900கே, 16 ஜிபி நினைவகமுள்ள கிராபிக்ஸ் கார்டு. அன்ரியல் இன்ஜின் கேம்கள் ஷேடர் (காட்சிகளை வரையும் சிறு நிரல்கள்) தயாரிக்கும்போதே ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்று நின்றுவிடுகின்றன. கார்டை மாற்றித் தந்தார்கள்; அப்படியேதான் இருக்கிறது.

பதில்: கார்டின் மீது குற்றமில்லை. பிழைச் செய்தி தவறான இடத்தைக் காட்டுகிறது. ஷேடர் தரவுகளைச் சுருக்கத்திலிருந்து விரிப்பது பிராசசர். அது கணக்கில் பிசகினால் அடுத்து வரும் படிகள் எல்லாம் குழம்பி, கடைசியில் நினைவகத்தின் பெயரில் செய்தி வருகிறது. டிரைவர் நிறுவும்போதோ பெரிய ஜிப் கோப்பை விரிக்கும்போதோ காரணமில்லாமல் பிழை வந்திருந்தால் என் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் இந்தக் குறை இருப்பதை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டது. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் போய், நாளடைவில் உள்ளே இருக்கும் சுற்று தேய்ந்துவிடுகிறது. இதைத் தடுக்க 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடு (பிராசசரின் உள்கட்டளை) திருத்தங்கள் பயாஸ் வழியாக வந்தன. இவை இனி வரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. பயாஸைப் புதுப்பித்த பிறகும் நிற்கிறது என்றால், பெர்ஃபார்மன்ஸ் கோர்களின் பெருக்கியை (வேகத்தைத் தீர்மானிக்கும் எண்ணை) 53க்குக் குறைத்துப் பாருங்கள். நிற்பது ஓய்ந்தால் பிராசசர்தான் காரணம் என்று கொள்ளலாம்.

ஆனால் அந்தக் குறைந்த வேகத்தோடு சமாதானமாகிவிடாதீர்கள். முழு வேகத்துக்குத்தான் பணம் கொடுத்தீர்கள். இந்தப் பிராசசர்களுக்கு உத்தரவாதத்தை இன்டெல் 2 ஆண்டுகள் நீட்டித்திருக்கிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாற்று வந்ததும் கேமைத் திறக்கும் முன் பயாஸ் புதிய பதிப்புதானா என்று உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: புது ரைசனில் 2007இல் வந்த கிரைசிஸ் 64 பிட் பதிப்பு திறந்தவுடனே மூடிக்கொள்கிறது. புதிய கேம்கள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன.

பதில்: உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை. ஏஎம்டி பிராசசர் என்று கண்டதும் அந்தப் பதிப்பு 3டிநவ் என்ற பழைய கட்டளைகளை அனுப்புகிறது. ஏஎம்டி அவற்றைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 32 பிட் பதிப்பை இயக்குங்கள், ஓடும்.

கேள்வி: பிராசசர் மாற்றினேன், பயாஸும் புதுப்பித்தேன். விண்டோஸ் 11இல் வாலரண்ட் மட்டும் திறக்க மறுக்கிறது.

பதில்: பயாஸ் புதுப்பிக்கும்போது அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருக்கும். விண்டோஸ் 11இல் வாலரண்ட் கேட்கும் பாதுகாப்பு அம்சங்களான டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் பயாஸில் மீண்டும் இயக்குங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பிராசசரை மாற்றும் முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். டிபிஎம் பிராசசரோடு சேர்ந்தே இருப்பதால், அது மாறியவுடன் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கலாம்.

கேள்வி: மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினேன். பழைய விண்டோஸையே வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்களுக்கு மட்டும் விண்டோஸைப் புதிதாக நிறுவச் சொல்வேன், மதர்போர்டே மாறிவிட்டதால். கோப்புகளை நகலெடுத்த பிறகு செய்யுங்கள். பயாஸ் புதிய பதிப்பு, எக்ஸ்எம்பி அணைத்த நிலை, சிப்செட் டிரைவர், பிறகு கிராபிக்ஸ் டிரைவர். இந்த நிலையில் சரியாக ஓடினால் எக்ஸ்எம்பியை இயக்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள்; எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

கேள்வி: புதுக் கார்டைத் திருப்பித் தர நாளையே கடைசி நாள். கார்டுதான் காரணமா என்று இன்னும் தெரியவில்லை. என்ன செய்ய?

பதில்: இன்று மாலையே போதுமான பவர் சப்ளை உள்ள நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் பொருத்தி, அதே கேமை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அங்கேயும் நின்றால் அதைக் கைபேசியில் படம் பிடித்து, ரசீதோடு காலையிலேயே கடைக்குப் போங்கள். அங்கே நிற்கவில்லை என்றால் கார்டை வைத்துக்கொண்டு, உங்கள் பவர் சப்ளையின் மாடல் பெயரையும் ரேம் விவரத்தையும் எனக்கு எழுதுங்கள்.